பிறந்த நாள் இல்லாத கேக்

ஊசி போட்டாகிவிட்டது. கேக் மேசைக்கு வந்துவிட்டது. என் மனைவி வசந்தா வாயைத் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீடு. காலை வெயில் சமையலறை ஜன்னல் வழியாக வந்து மேசை மேல் கிடந்தது. தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போனார். கேக்கிலிருந்து ஏலக்காய் வாசனையோடு லேசாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. நான் முதன்முதலாக உருப்படியாகச் செய்த கேக் அது. நடுவில் குழி விழவில்லை, ஓரம் கருகவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

வசந்தா கேக்கைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இன்னிக்கு யாருக்குப் பொறந்த நாளு?" என்று கேட்டாள்.

"யாருக்கும் இல்ல வசந்தா. இது டிபன்."

"டிபனா? கேக்க யாராவது டிபனுக்கு வைப்பாங்களா?" தொடக்கப் பள்ளியில் காலமெல்லாம் பிள்ளைகளை மிரட்டிய குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. "தம்பி எங்க? அவன் வந்து வெட்டட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, இருக்கேன்."

தம்பி என்று அவள் சொன்னது எங்கள் ஒரே மகன் அருளை. அவன் இறந்து பல வருடம் ஆகிறது.

ஊசி என்று நான் சொன்னது இன்சுலின். அது உடம்புக்குள் போய்விட்டால் பின்னாலேயே சாப்பாடும் போயாக வேண்டும். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். கையில் கத்தியோடு நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்குப் பயம் வந்துவிட்டது.

அந்த மேசையை அப்படியே விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. காலை டிபனுக்குக் கேக் எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால், அன்றைக்கு நான் செய்த காரியம் கிறுக்குத்தனமாகத் தெரியும்.

சர்க்கரைக்காரன் வீட்டில் சர்க்கரை

சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கரும்பு அரவைக் காலத்தில் நாங்கள் பட்ட பாட்டைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காக ஒரு வரி: கரும்புச் சாறு காய்ந்து, பாகாகி, மணி மணியாகச் சர்க்கரை இறங்கும் வரைக்கும் பக்கத்தில் நின்று சோதித்துக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. சட்டையை எத்தனை தரம் அலசினாலும் பாகு வாசனை போகாது.

"உங்க சட்டைய அலசுன தண்ணியில காபி போடலாம், தனியா சக்கர வேணாம்" என்பாள் வசந்தா.

அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வேடிக்கையாகப் போய்விட்டது. மில்லில் இருந்து வீட்டுக்கே சப்ளையா என்று கேட்டார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். கடைக்குக் கடை நாட்டுச் சர்க்கரை லட்டு, கருப்பட்டி மிட்டாய் என்று அடுக்கி வைத்து, சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். வெள்ளையோ பழுப்போ, கரும்போ பனையோ, ரத்தத்துக்குள் போய்விட்டால் எல்லாம் ஒரே குட்டையில் ஊறியவைதான். இதைச் சொல்லி ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் இருந்தவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அவர் இலையைத் தூக்கிக்கொண்டு எதிர் வரிசைக்குப் போய்விட்டார். வசந்தா அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

மாத்திரையிலேயே நோயைக் கட்டுக்குள் வைத்திருந்தோம். அதன் பிறகு ஞாபகம் போக ஆரம்பித்தது. முதலில் சாவி, அப்புறம் அடுப்பில் வைத்த பால். இதெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதானே என்று இருந்துவிட்டோம். ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மாளைப் பார்த்து, "நீங்க யாரும்மா? உள்ள வாங்க, உக்காருங்க" என்றாள். தன்னிடம் படித்த பிள்ளைகளை அப்பா பெயர், தெருப் பெயரோடு சொல்லக்கூடியவள் அவள். அந்த அம்மாள் அழுதுகொண்டே வெளியே போனார்.

கொஞ்ச நாளில் மாத்திரை போதாமல் இன்சுலின் வந்தது.

கன்னத்தில் ஒதுங்கிய இட்லி

இட்லி கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வாள். மெல்லுவாள், மெல்லுவாள், விழுங்க மாட்டாள். வாயில் விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். பொங்கலும் அப்படியே. இடியாப்பத்தைக் கையில் வாங்கி, பூத் தொடுப்பதைப் போல ஒவ்வொரு இழையாகப் பிரித்துத் தட்டில் வைப்பாள். கேழ்வரகுக் கூழைத் துப்பிவிடுவாள். மத்தியானமும் ராத்திரியும் குழைந்த மோர்ச் சோறு எப்படியோ இறங்கிவிடும். காலைதான் கண்டம்.

சாப்பிட்டு முடித்த பிறகு ஊசி போடக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். முழு விழிப்பு வந்துவிட்டால் அவளைத் தொட முடியாது. ஊசியைக் கண்டால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவாள். எழுந்து, தூக்கக் கலக்கம் தெளியாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரம்தான் எனக்குக் கிடைத்த நேரம்.

அப்படி ஊசி போட்ட ஒரு காலையில் இட்லி உள்ளே போகவே இல்லை. கெஞ்சினேன், அதட்டினேன். அவள் திடீரென்று வியர்த்துக் கொட்டி, மேசை மேல் தலையைச் சாய்த்துவிட்டாள். கூப்பிட்டால் பதில் இல்லை. ஆயுசு முழுக்க மூட்டை மூட்டையாக வெளியே அனுப்பிய அதே சரக்கை ஒரு ஸ்பூன் எடுத்து, அவள் ஈறில் தேய்த்தேன். தெரிந்த சாமி பேரெல்லாம் சொன்னேன். கண் திறந்து, "ஏன் இப்படித் தேய்க்கிறீங்க, எரியுது" என்றாள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சிதம்பரத்தில் அவளைப் பார்க்கும் டாக்டர் வயதில் என் மகன் மாதிரி. "ஊசிய வுட முடியாது சார். போட்டா சாப்ட்டே ஆவணும். எத சாப்புடுறாங்களோ அதக் குடுங்க, மெத்துனு இருக்கட்டும்" என்றார்.

எதைச் சாப்பிடுவாள் என்பது சிதம்பரத்திலேயே தெரிந்தது. என் மச்சான் குமாருக்கு அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை. வசந்தாவின் உடன்பிறந்தவன். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவன் வீட்டில் தலைகாட்டாமல் திரும்ப முடியாது. அன்றைக்கு அவன் மகளுக்குப் பிறந்த நாள். யாரோ வசந்தாவின் கையில் ஒரு தட்டைக் கொடுத்துவிட்டார்கள். நான் பார்ப்பதற்குள் க்ரீமும் கையுமாக அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, அக்காவ பாருங்க! முழுங்குது மாமா!" குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. மீசை வைத்த ஆள், வந்தவர்கள் முன்னால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் அவள் சர்க்கரை அளவு எங்கே போய் நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என் மண்டைக்குள் ஏதோ ஓட ஆரம்பித்துவிட்டது.

"சக்கரய கொறச்சி நீங்களே செஞ்சா என்னா மாமா? வேலையே அதான உங்களுக்கு?" என்றான் குமார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஓவனை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டான்.

இனிப்பு மட்டுமல்ல

மைதா வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓட்ஸை மிக்ஸியில் அரைத்துச் சலித்தேன். சர்க்கரையை அடியோடு நிறுத்தினேன். போனில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே செய்து காட்டியதை வரி பிசகாமல் செய்தேன். வெளியே வந்ததைச் சுவரில் ஆணி அடிக்கப் பயன்படுத்தியிருக்கலாம்.

"மாமா, இது என்னா? வண்டி ஸ்டாண்டு மண்ணுல பொதையாம இருக்க அடியில வைக்கிறதா?" என்று குமார் கேட்டான்.

எனக்கு ரோஷம் வந்தது. யோசித்தபோது வெட்கமும் வந்தது. சர்க்கரை இனிப்புக்காக மட்டும் கேக்கில் இல்லை. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரக்காற்று அடித்தால் மூட்டையில் சர்க்கரை எப்படிக் கசியும் என்று ஆலையில் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான். அதை எடுத்துவிட்டால் கேக்கில் ஈரம் நிற்காது என்பது எனக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். அடுப்படிக்குள் நுழைந்ததும் படித்தது எல்லாம் வாசலோடு நின்றுவிட்டது போல.

ஆகவே ஈரத்தை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். நன்றாகப் பழுத்த பூவன் வாழைப்பழம் ஒன்றில் பாதியை மசித்துப் போட்டேன். மொத்தக் கேக்குக்கும் அவ்வளவுதான் இனிப்பு. கெட்டித் தயிர், கொஞ்சம் எண்ணெய், முட்டை. ஓட்ஸ் மாவு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். கலக்கிய உடனே அடுப்பில் வைத்தால் நறநறவென்று இருக்கும். சற்று நேரம் அப்படியே விட்டுவைத்தால் மாவு ஊறித் தளர்ந்துவிடும். ஓவனுக்குள் அடித்தட்டில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன். வெந்து வந்ததும் இட்லித் துணியை நனைத்துப் பிழிந்து மேலே மூடினேன். அதில்தான் பதம் வந்தது. விரலால் அழுத்தினால் அமுங்கி மெல்ல எழும்பியது.

வெள்ளிக்கிழமையில் மட்டும் முட்டை போடுவதில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் வசந்தா முட்டையைத் தொட விட்டதே இல்லை. அன்றைய கேக் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். அவளுக்கு இப்போது கிழமை தெரியாது. எனக்குத் தெரியுமே.

இத்தனை கூத்துக்குப் பிறகு வந்த கேக்கைத்தான் அன்றைக்கு மேசையில் வைத்திருந்தேன். அவள் தம்பி வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள்.

முதல் துண்டு

எங்களைப் போன்ற வீடுகளில் கேக் என்றால் பிறந்த நாள்தான். வேறு எதற்கும் அது உள்ளே வராது. அருளுக்குப் பிறந்த நாள் வந்தால், ஷிப்ட் முடிந்து நான் சிதம்பரம் போய் பேக்கரியில் கேக் வாங்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் வருவேன். வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். அப்படியும் வீட்டுக்கு வரும்போது அவன் பெயரில் ஒரு எழுத்தாவது மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிறந்த நாள்காரன் வெட்ட வேண்டும். முதல் துண்டை அம்மாவுக்கு ஊட்ட வேண்டும். இது எல்லா வீட்டிலும் நடப்பது. எங்கள் வீட்டில் வசந்தா அதை ஒரு விரதம் மாதிரி வைத்திருந்தாள். அவன் கையால் ஒரு வாய் வாங்காமல் அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். சிதம்பரத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோதும், அந்த ஒரு நாள் அவன் பஸ் பிடித்து வந்துவிடுவான். "எங்கம்மா பட்டினியா கெடக்கும்டா" என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டு வருவானாம். எனக்கு இரண்டாவது துண்டு. அதில் பாதியை என் மூக்கில்தான் பூசுவான்.

அந்தக் காலேஜ் முடிவதற்குள் அவன் போய்விட்டான். சாலை விபத்து. அதைப் பற்றி இந்தத் தொடரில் நான் இதுவரை எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறது. வீட்டிலும் அப்படித்தான். அவன் போன பிறகு நானும் வசந்தாவும் அதைப் பற்றி உட்கார்ந்து ஒரு நாள் பேசியதில்லை. அவள் அழும்போது நான் வாசலுக்குப் போய்விடுவேன். எனக்கு அழுகை வந்தால் அவள் சமையலறைக்குள் போய்விடுவாள்.

ஞாபகம் தவற ஆரம்பித்த புதிதில், "தம்பி எங்கங்க, இன்னும் காணோம்?" என்று கேட்டாள். நான் உண்மையைச் சொன்னேன். அப்போதுதான் கேள்விப்பட்டவள் போல மார்பில் அடித்துக்கொண்டு கதறினாள். நியாயம்தானே, அவளுக்கு அது அப்போதுதான் நடந்தது. மறுநாள் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் அதே கதறல். டாக்டர்தான் நிறுத்தச் சொன்னார். "எதுக்கு சார் தெனம் ஒரு சாவு?" என்று கேட்டார். அதிலிருந்து "வந்துடுவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மேசை முன்னால் அந்த "வந்துடுவான்" பலிக்கவில்லை.

"வரட்டும், இருக்கேன்" என்று கையைக் கட்டிக்கொண்டாள். நெற்றியில் வியர்வை அரும்ப ஆரம்பித்தது. எனக்கு அந்தப் பழைய இட்லிக் காலை கண் முன்னால் வந்தது. மறுபடி சர்க்கரை டப்பாவைத் தேடி ஓட வேண்டுமா?

என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. கேக்கை வெட்டி ஒரு துண்டை எடுத்தேன். அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். தோளுக்கு மேலாகக் கையை நீட்டினேன்.

"அம்மா, வாயத் தொற" என்றேன்.

திறந்தாள். சாப்பிட்டாள். கன்னத்தில் ஒதுக்கவில்லை, விழுங்கினாள். அடுத்த துண்டுக்கும் வாயைத் திறந்தாள். தட்டு காலியாகும் வரைக்கும் நான் அவள் பின்னாலேயே நின்றேன். என் முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று இருந்தது.

டூட்டிக்குப் போன அப்பா

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தினமும் பிறந்த நாள்தான்.

இதிலிருந்து தப்பிக்க ஒரு தடவை முயற்சி செய்தேன். அதே மாவை இட்லித் தட்டில் ஊற்றி வேகவைத்தேன். கேக் மாதிரித் தெரியாவிட்டால் தம்பியைக் கேட்க மாட்டாள் அல்லவா? அவள் பார்த்தாள், "இட்லியா?" என்றாள், கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். மறுநாள் வட்டக் கேக்கோடு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டே பேச்சுக் கொடுப்பாள். என்னிடம் அல்ல, மகனிடம்.

"அப்பா எங்கடா?"

"டூட்டிக்குப் போயிருக்காரும்மா."

"சாப்ட்டுப் போனாரா?"

"சாப்ட்டாரும்மா."

"சாப்ட்டிருக்க மாட்டாரு. பொய் சொல்ற. ஒரு துண்டு எடுத்து வையி, வந்தா குடுக்கலாம்."

எடுத்து வைப்பேன். அப்புறம் நானே சாப்பிடுவேன். வேறு யார் சாப்பிடுவது?

என்னைப் பற்றி அவள் வாயாலேயே நிறையத் தெரிந்துகொண்டேன். "உங்கப்பன் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டாருடா. ஊருல சண்டன்னா மட்டும் வாயி கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நீளும்" என்றாள் ஒரு நாள். இன்னொரு நாள், "நீ அவர மாதிரி இருக்காதடா. வர்றவகிட்ட நாலு வார்த்த சிரிச்சிப் பேசு" என்றாள். சரிம்மா என்றேன்.

குமாருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு காலையில் வந்திருந்தவன் இதைப் பார்த்துவிட்டு என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"என்னா மாமா இது? செத்துப் போன புள்ள மாதிரி நீங்க பேசுறீங்க. நாளைக்கு அக்காவுக்குத் தெரிஞ்சா என்னா ஆவும்?"

"தெரிஞ்சா நல்லதுதானேடா. தெரியணும்னுதானே நானும் சாமிய கும்புடுறேன்."

"ஒங்களுக்கு ஏதாவது ஆயிடப் போவுது மாமா."

அவன் சொன்னதில் தப்பில்லை. என் மகனாக நான் ஆகும்போதெல்லாம், அவளுடைய புருஷன் அந்த வீட்டில் இல்லாமல் போனான். எனக்கு அது வலித்தது. என் சொந்தப் பிள்ளை மேல், அதுவும் செத்துப்போன பிள்ளை மேல், எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் "ஏங்க" என்று என்னைக் கூப்பிட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. ஆனால் அவள் சாப்பிட்டாள். ரத்தம் சோதிக்கும்போது டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

ஒரே ஒரு காலை

இது நடந்தது இந்த வருடம் மழைக் காலத்தில். அப்படி ஒரு காலை அதற்கு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. இனி வரும் என்று நான் நம்பவும் இல்லை.

ராத்திரி பிடித்த மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஊசி போட்டு, முகம் கழுவிவிட்டு, மேசையில் உட்கார வைத்தேன். கேக்கை வெட்டி, வழக்கம் போல நாற்காலிக்குப் பின்னால் போய்க் கையை நீட்டினேன்.

"அம்மா, வாயத் தொற."

அவள் திறக்கவில்லை. கழுத்தைத் திருப்பி என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"என்னாங்க? என்னப் போயி அம்மாங்குறீங்க?"

கையில் இருந்த துண்டு கீழே விழுந்துவிட்டது.

அவள் கண்ணில் அந்த மசமசப்பு இல்லை. என் வசந்தா அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்குத் திருட்டு முழி முழிக்கத்தான் தெரிந்தது. அடுத்து மகனைக் கேட்பாள், உண்மை தெரிந்தால் கதறுவாள், ஊசி வேறு போட்டிருக்கிறது, சாப்பிட மாட்டாள் என்று மனது ஓடியது. அவள் கேட்பதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல வசந்தா. தம்பி காலேஜுக்குப் போயிருக்கான். சாயங்காலம் வந்துடுவான். நீ சாப்புடு."

அவள் எழுந்து வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். கழுத்திலும் வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்ச கூட இல்லியே" என்றாள். "என்னாங்க ஆச்சு உங்களுக்கு?"

"ஏன்?"

"நம்ம புள்ளதான் இல்லியேங்க."

எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். உனக்காகத்தான் பொய் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் வரவில்லை. அவள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள்.

"மறந்துட்டீங்களா?" என்றாள். குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. வகுப்பில் பயந்து அழும் புதுப் பிள்ளையிடம் பேசும் குரல் அது. "பாவம். உக்காருங்க. மொதல்ல உக்காருங்க."

தன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தாள். தான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"அவன் போயி ரொம்ப வருசம் ஆவுதுங்க. இதே மாதிரி மழ. சிதம்பரத்துலேருந்து பைக்குல வந்துகிட்டிருந்தான். ரோட்டு ஓரத்துல கரும்பு வண்டி ஒண்ணு நின்னுது. பின்னாடி லைட்டு இல்ல. மழையில அவனுக்குத் தெரியல. ஒடனே போயிடிச்சின்னு சொன்னாங்க, கஷ்டப்படல. குமாருதான் வந்து சொன்னான். நீங்க வாசல்ல செருப்பு மாட்டிகிட்டு நின்னீங்க. மில்லுக்குக் கெளம்பி."

நான் இந்தத் தொடரில் எழுத முடியாமல் விட்டதை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி, நான் தாங்குகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்புறம் நீங்க மில்லுக்கே போவ மாட்டேன்னு உக்காந்துட்டீங்க. கரும்பு வாசனையே ஆவலன்னு சொன்னீங்க. நாந்தான் சோறு கட்டிக் குடுத்து அனுப்பி வச்சேன். என் மேல கோவமா இருந்திருப்பீங்க."

"கோவம் இல்ல" என்றேன். அது ஒன்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அனுப்பினாள் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"வீட்டுலயே கெடந்தா நீங்களும் போயிடுவீங்களோன்னு பயம் எனக்கு. ஒருத்தன் போனது பத்தாதா?"

நான் அழுதேன். வாசலுக்கு எழுந்து போகவில்லை. அவளும் சமையலறைக்குப் போகவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவளும் அழுதாள். எங்கள் பிள்ளைக்காக நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுதது அன்றைக்குத்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு துண்டைப் பிட்டு என் வாயருகே கொண்டுவந்தாள்.

"வெறும் வயித்துல அழுவக் கூடாதுங்க. தொறங்க."

திறந்தேன்.

"இனிப்பு பத்தல" என்று சொல்லிவிட்டு, தட்டில் இருந்த மிச்சத்தை அவளே தன் கையால் எடுத்துச் சாப்பிட்டு முடித்தாள்.